அடி வாங்காமல் ஃபெரூனைச் சுற்ற: பால்டர்ஸ் கேட் 3 புதியவர்களுக்கு ஒரு சண்டை வழிகாட்டி

பால்டர்ஸ் கேட் 3 விளையாட உட்காருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எந்த டிஃபிகல்ட்டியில் ஆரம்பிக்கலாம்?" கேம் எவ்வளவு கடினமாக இருக்கவேண்டும் என்ற அமைப்பு அது, நியாயமான கேள்வி. ஆனால் மெனுவில் இருக்கும் அந்த ஒரு வரி பாதியைத்தான் முடிவு செய்கிறது. மீதி உங்கள் கையில் இருக்கிறது. சண்டை தொடங்கும்போது யார் எங்கே நிற்கிறார்கள், பேச யாரை அனுப்பினீர்கள், முந்தைய இரவு தூங்கினீர்களா, இந்தச் சண்டையைப் போட்டுத்தான் ஆகவேண்டுமா என்று பல விஷயங்கள். அதே கோப்ளின் (குட்டிப் பூதங்கள்) முகாமில், அதே டிஃபிகல்ட்டியில் ஒருவர் மாலை முழுக்கத் திணறுவார். இன்னொருவர் குழுவில் யாருக்கும் ரத்தம் சிந்தாமல் வெளியே வந்துவிடுவார். இருவருக்கும் கைவேகம் ஒன்றுதான். இந்த கேமுக்குக் கைவேகமே தேவையில்லை.

பெல்ஜியத்தின் லாரியன் ஸ்டூடியோஸ் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட கேம் இது; ஃபெரூன் என்ற கற்பனை உலகில் நடக்கிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் விதிகளைக் கொஞ்சம் மாற்றி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான்கு பேர் கொண்ட குழு, முறை வைத்து நடக்கும் சண்டை, அதிகபட்சம் 12 லெவல். காகிதமும் பகடையும் வைத்து ஆடும் அந்த மேசை விளையாட்டு உங்களுக்குத் தெரியாவிட்டால் பரவாயில்லை. தேவையானது கீழே வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: முதல் அங்கத்தின் கோப்ளின் முகாமைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவும், இரண்டாம் அங்கத்தின் சில எதிரிகளைப் பற்றி லேசாகவும் சொல்லப் போகிறேன். கதை துளியும் தெரியக்கூடாது என்பவர்கள் ஆறாவது படியைத் தாண்டிப் போய்விடலாம்.

படி 1: டிஃபிகல்ட்டியைத் தேர்ந்தெடுங்கள், வெட்கப்படாமல்

எக்ஸ்ப்ளோரர், பேலன்ஸ்டு, டாக்டிஷியன் என்று மூன்று நிலைகள். 2023 நவம்பர் கடைசியில் வந்த ஐந்தாவது பேட்சில் (புதுப்பிப்பில்) ஹானர் மோடும், நீங்களே அமைத்துக்கொள்ளும் கஸ்டம் மோடும் சேர்ந்தன.

எக்ஸ்ப்ளோரரில் எதிரிகளின் ஹெச்பி, அதாவது உயிர்ப் புள்ளிகள், குறைவு. ஒரே கேரக்டரில் இரண்டு கிளாஸ்களை, அதாவது போர்வீரர், மந்திரவாதி போன்ற தொழில்களை, கலக்கும் வசதி அதில் கிடையாது. புதியவருக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. பேலன்ஸ்டு என்பது கேமை உருவாக்கியவர்கள் நடுவாக நினைத்த நிலை. டாக்டிஷியனில் எதிரிகளுக்கு 30 சதவீதம் கூடுதல் ஹெச்பி, அவர்கள் உருட்டும் தாக்குதல் பகடையில் 2 கூடுதல், அதோடு நீங்கள் ஒரு முழு இரவு ஓய்வெடுக்க ஆகும் உணவு இரு மடங்கு. ஹானர் மோடில் ஒரே ஒரு சேவ். குழு மொத்தமும் விழுந்தால் அந்த ஓட்டம் முடிந்தது. பெரிய எதிரிகளுக்கு அங்கே கூடுதல் வித்தைகளும் உண்டு. முதல் தடவையே அந்தப் பக்கம் போக வேண்டாம்.

என் கருத்து: முறை வைத்து ஆடும் கேம் எதையாவது முன்பு விளையாடியிருந்தால் பேலன்ஸ்டு. இதுவே முதல் கேம் என்றால் எக்ஸ்ப்ளோரர். முதல் மூன்று நிலைகளுக்கு இடையே நடுவில் மாற்றிக்கொள்ளலாம். மூன்றாவது லெவலுக்கு வந்ததும் "ரொம்ப சப்பென்று இருக்கிறதே" என்று தோன்றினால் ஏற்றிவிடுங்கள். கஷ்டமான நிலையில்தான் விளையாட வேண்டும் என்று அழுத்தம் கொடுப்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். கேமுக்குக் காசு கொடுத்தது நீங்கள்தானே.

இன்னொன்று. விளையாடுபவர் பலருக்குத் தெரியாமலே கடினமாக இருப்பது கேமின் தொடக்கம்தான். ஒன்றாவது லெவலில் ஒரு மந்திரவாதிக்கு எட்டு, ஒன்பது ஹெச்பி. இரண்டு அம்பு பட்டால் கீழே. ஐந்தாவது லெவலில் போர்வீரர்களுக்கு ஒரே முறையில் இரண்டாவது வெட்டும், மந்திரவாதிக்கு ஃபயர்பால் என்ற தீப்பந்து மந்திரமும் வந்துசேரும்போது கேமே வேறு மாதிரி ஆகிவிடும். ஆக ஒன்றிலிருந்து நான்கு வரை பொறுமை. அந்த லெவல்களில் செத்துப்போவது உங்கள் திறமையைப் பற்றி எதையும் சொல்லவில்லை.

படி 2: கேரக்டர்

இதில் நேரம் கரைக்க வேண்டாம். கேரக்டர் உருவாக்கும் திரையிலேயே ஒரு மாலையைத் தொலைப்பவர்கள் உண்டு. மூக்கின் நீளம் வரை சரிசெய்வார்கள், ஸ்டாட் எனும் திறன் எண்களின் பக்கம் போகவே மாட்டார்கள். உங்கள் கிளாஸுக்கு முக்கியமான ஸ்டாட் 17 அல்லது 16 இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஃபைட்டருக்கு (போர்வீரர்) ஸ்ட்ரெங்த், ரோக்குக்கு (திருட்டு வித்தைக்காரர்) டெக்ஸ்டெரிட்டி, விஸர்டுக்கு (மந்திரவாதி) இன்டெலிஜென்ஸ். அடுத்தபடியாக உடல் உறுதியைக் காட்டும் கான்ஸ்டிட்யூஷன் 14 இருந்தால் நல்லது. நான்காவது லெவலில் ஃபீட் என்ற சிறப்புத் திறன் ஒன்று கிடைக்கும். குழப்பமாக இருந்தால் முக்கிய ஸ்டாட்டை இரண்டு ஏற்றிக்கொள்ளுங்கள்.

எந்த கிளாஸ்? சபதம் எடுத்த வீரரான பாலடினை எடுத்தால் அடியும் பலம், கரிஸ்மா எனும் பேச்சுக் கவர்ச்சியும் இருப்பதால் பேச்சும் எடுபடும். ஆனால் அவர் எடுத்த சபதத்துக்கு மாறாக நடந்தால் சபதம் உடைந்துவிடும். சூழ்ச்சி செய்து விளையாட ஆசைப்படுபவர்களுக்கு அது தொந்தரவு. ஃபைட்டர் எளிது. வார்லாக்கும் எளிதுதான், எல்ட்ரிச் பிளாஸ்ட் என்ற மந்திரம் ஒன்றை வைத்தே பாதி கேமை ஓட்டலாம்.

தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டோமோ என்ற பயமே வேண்டாம். கப்பல் விழுந்த கடற்கரைக்குப் பக்கத்திலேயே ஒரு இடிந்த கோயில் இருக்கிறது. அதன் அடியில் ஒரு பாழடைந்த கல்லறையில் விதர்ஸ் என்றொரு எலும்பு மனிதர் கிடக்கிறார். எழுப்பிவிட்டால் உங்கள் முகாமுக்கே வந்து நின்றுகொள்வார். 100 தங்கக் காசுக்கு யாருடைய கிளாஸையும் ஸ்டாட்டையும் முதலிலிருந்து மாற்றித் தருவார். செத்த தோழர்களை 200 காசுக்கு எழுப்பித் தருவார். உங்கள் தோழி ஷேடோஹார்ட் ஒரு கிளெரிக், அதாவது தெய்வ அருளால் மந்திரம் போடுபவள். அவள் வீசும் சேக்ரட் ஃப்ளேம் மந்திரம் குறி தவறித் தவறியே பெயர் வாங்கிவிட்டது. அவளை வேறு டொமைனுக்கு (கிளெரிக்கின் உட்பிரிவு) மாற்றி, குணப்படுத்துவதிலும் ஆசீர்வாதத்திலும் கவனம் செலுத்த வைத்தால் குழுவின் தலைவிதியே மாறும்.

படி 3: சதவீதத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

புதியவர்கள் கேமைத் திட்டும் இடம் இதுதான். ஆற அமர இருந்து கற்றுக்கொள்ள வேண்டியதும் இதுதான்.

ஒவ்வொரு அடிக்கும் கேம் இருபது பக்கப் பகடை ஒன்றை உருட்டுகிறது. அதில் விழுந்த எண்ணோடு உங்கள் போனஸைக் கூட்டுகிறது. எதிரியின் ஆர்மர் கிளாஸை, அதாவது தற்காப்பு எண்ணை, எட்டினால் அடி பட்டது, எட்டாவிட்டால் வீண். ஒன்றாவது லெவல் ஃபைட்டரை எடுத்துக்கொள்வோம். ஸ்ட்ரெங்த் 17க்கு மூன்று, பழக்கத்துக்கு இரண்டு, மொத்தம் ஐந்து. எதிரியின் ஆர்மர் கிளாஸ் 15. பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். இருபதில் பதினோரு எண்கள், அதாவது 55 சதவீதம்.

55 என்பதைப் பார்த்ததும் மனசு "பட்டுவிடும்" என்று சொல்லும். கணக்கு வேறு சொல்கிறது: கிட்டத்தட்ட பாதி தடவை படாது. இரண்டு பேர் அடுத்தடுத்து அடித்தால், இருவரும் தவறவிட ஐந்தில் ஒரு வாய்ப்பு. தாயக்கட்டை உருட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தாயம் விழவேண்டிய நேரத்தில்தான் விழாமல் படுத்தும்.

ஆகவே சண்டையில் உங்கள் வேலை அந்த 55ஐ ஏற்றுவது. வழிகள் இவை:

உயரமான இடத்தில் நின்று எய்தால் 2 கூடுதல். 55 என்பது 65 ஆகும். கீழிருந்து மேலே எய்தால் அதே இரண்டு குறையும். கூரை, ஏணி, பாறை எதைப் பார்த்தாலும் வில்லாளியை ஏற்றிவிடுங்கள்.

பிளெஸ் என்ற ஸ்பெல் (மந்திரம்). மூன்று பேருக்குப் போடலாம். ஒவ்வொரு அடியிலும் நான்கு பக்கப் பகடை ஒன்று கூடுதலாக உருளும். சராசரியாகப் பார்த்தால் 55 என்பது 67க்கு மேல் போகும். குணப்படுத்துவதைவிட இதற்கு முதல் ஸ்பெல் ஸ்லாட்டை, அதாவது மந்திரம் போடும் வாய்ப்பை, செலவழிப்பது லாபம். இதற்கு கான்சென்ட்ரேஷன் வேண்டும். ஒருவரால் ஒரே நேரத்தில் அப்படிப்பட்ட ஒரு ஸ்பெல்லைத்தான் தாங்க முடியும், அடி வாங்கினால் அதுவும் கலையலாம். பிளெஸ் போட்டவரை முன்வரிசையில் நிறுத்தாதீர்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரியது அட்வான்டேஜ். இரண்டு பகடை உருளும், பெரியது செல்லும். 55 என்பது ஏறக்குறைய 80 ஆகிவிடும். மறைந்திருந்து அடித்தால் கிடைக்கும். கீழே விழுந்து கிடப்பவரைப் பக்கத்தில் நின்று அடித்தால் கிடைக்கும். இதற்கு எதிர்ப்பதம் டிஸ்அட்வான்டேஜ்: எதிரி மூக்குக்கு நேரே நிற்கும்போது வில்லை எடுத்தால் அது வந்து ஒட்டிக்கொள்ளும். "55 இருந்தது, ஏன் இப்போது 30 காட்டுகிறது?" என்பதற்குப் பாதி நேரம் இதுதான் பதில்.

எதிரிமேல் மவுஸை வைத்தாலே சதவீதம் தெரியும். எக்ஸாமின் கொடுத்தால் அவனுடைய ஆர்மர் கிளாஸ், எந்த வகை அடி அவனுக்கு ஒன்றும் செய்யாது, எது இரட்டிப்பாக வலிக்கும் என்று எல்லாமே விரியும். முதல் டர்னில், அதாவது உங்கள் முதல் முறையில், யாரையாவது அடிப்பதற்கு முன்பு இதைத் திறந்து பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் கார்மிக் டைஸ். அமைப்புகளில் அது இயல்பாகவே போடப்பட்டிருக்கும். தொடர்ந்து மோசமான எண்களே விழாமல் பார்த்துக்கொள்ளும். எதிரிகளுக்கும் அதே சலுகை உண்டு என்பதால், ஆர்மர் கிளாஸை ஏற்றி ஏற்றி விளையாடுபவர்கள் அதை அணைத்துவிடுவார்கள். முதல் ஓட்டத்தில் இருந்துவிட்டுப் போகட்டும்.

படி 4: ஒரு டர்னில் கையிலிருப்பது என்ன

ஒரு ஆக்‌ஷன், ஒரு போனஸ் ஆக்‌ஷன், கொஞ்சம் நடை. எதிரி ஏதாவது செய்யும்போது பதிலுக்குச் செய்ய ஒரு ரியாக்‌ஷன். அடிப்பதும் ஸ்பெல் போடுவதும் பெரும்பாலும் ஆக்‌ஷன்.

புதியவர்கள் வீணடிப்பது போனஸ் ஆக்‌ஷனைத்தான். இந்த கேமில் மருந்து குடிப்பதற்கு, தாவிக் குதிப்பதற்கு, எதிரியைத் தள்ளிவிடுவதற்கு எல்லாம் அதுவே போதும். கத்தியை எரியும் மெழுகுவத்தியில் தோய்த்துத் தீ அடி சேர்ப்பதும் அதில் அடங்கும். தள்ளிவிடுவதை மறக்காதீர்கள். 60 ஹெச்பி வைத்திருக்கும் ஓகர் என்ற ராட்சதன் பள்ளத்தின் ஓரம் நின்றால், அவனை வெட்டிக்கொண்டிருக்க என்ன அவசியம்? ஒரு தள்ளு. பொருட்களும் அவனோடு போய்விடும் என்பது மட்டும்தான் குறை.

விழுந்துவிட்ட தோழருக்கு ஹெல்ப் கொடுத்து எழுப்பலாம். குணப்படுத்தும் மருந்துப் புட்டியை அவர் பக்கத்தில் வீசி உடைத்தாலும் எழுந்துவிடுவார். இரண்டு பேர் ஒன்றாகக் கிடந்தால் ஒரே புட்டி இருவருக்கும் ஆகும்.

படி 5: சண்டைக்கு முன் ஐந்து நிமிடம்

சேவ் செய்யுங்கள். கம்ப்யூட்டரில் எஃப்5. இதை ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம்.

பெரும்பாலான பெரிய சண்டைகள் ஒரு பேச்சில்தான் தொடங்கும். நீங்கள் பாட்டுக்கு நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பேச ஆரம்பித்தால், பேச்சு முறியும் நொடியில் நாலு பேரும் எதிரிகளின் நடுவில் கொத்தாக நிற்பார்கள். ஒரு நெருப்புப் புட்டி போதும். அதனால் குழுவைப் பிரியுங்கள். பேசப் போகிறவர் ஒருவர் மட்டும் முன்னே போகட்டும். ரோக் ஆஸ்டேரியனை மறைவாகக் கூரைமேல் ஏற்றுங்கள். மந்திரவாதி கேலைப் பின்னால் கதவோரம் நிறுத்துங்கள். போர்வீரர் லேசெல்லை, பேசுபவர் பக்கத்திலிருந்து பத்தடி தள்ளி. பிளெஸையும் அப்போதே போட்டுவிட்டால் முதல் டர்ன் மிச்சம்.

பேச்சே வேண்டாம், அடிப்பதுதான் என்று முடிவு செய்தால் மறைந்திருந்து முதல் அடியைப் போடுங்கள். அசந்திருக்கும் எதிரிகள் தங்கள் முதல் டர்னை இழப்பார்கள். நாலு பேர் குழுவுக்கு எட்டு எதிரிகள் என்ற நிலையில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது சண்டை முடிந்ததும் புரியும்.

சுற்றுப்புறத்தைப் பாருங்கள். வெடிமருந்துப் பீப்பாய்கள் எங்கே? எண்ணெய் சிந்தியிருக்கிறதா? தரையில் தண்ணீர் இருந்தால், நனைந்தவர்களுக்கு மின்னலும் குளிரும் இரட்டிப்பாக வலிக்கும். நெருப்பு பாதிதான் சுடும். கிணற்றுக்கு அடியிலிருக்கும் சிலந்திக் குகையில் ராட்சதத் தாய்ச்சிலந்தி வலைப்பாலங்களின் மேல் ஏறி நிற்கும்; அது நிற்கும்போது வலைக்குத் தீ வைத்தால் கீழே விழுந்தே பாதி உயிர் போகும். கிரிம்ஃபோர்ஜ் என்ற பாதாள இடிபாட்டில் இருக்கும் உலோக பூதம் கிரிம் இன்னும் அழகான உதாரணம். வாளும் வில்லும் வைத்து அதை அடித்துக்கொண்டிருந்தால் விடியும்வரை அடிக்கலாம். எரிகுழம்பைத் திறந்துவிட்டுச் சூடேற்ற வேண்டும். அது கடைசியாகத் தன்னை அடித்தவரைத் துரத்தி வரும். அதை வைத்தே உலைச் சம்மட்டியின் கீழே வரவழைத்து, நெம்புகோலை இழுக்க வேண்டும். இந்தச் சண்டையில் டிஃபிகல்ட்டி அமைப்பு ஒரு பொருட்டே இல்லை.

சண்டை தொடங்கிய பிறகு ஒரு விதி போதும்: ஒருவனை முடித்துவிட்டு அடுத்தவனிடம் போங்கள். ஒரே ஒரு ஹெச்பி மீதமுள்ள கோப்ளினும் முழு பலத்தோடுதான் வெட்டுவான். நாலு எதிரிகளை ஆளுக்குக் கொஞ்சம் காயப்படுத்தினால் அடுத்த சுற்றில் நாலு அடி திரும்பி வரும். இரண்டு பேரைக் கொன்றிருந்தால் இரண்டுதான். பெரிய தலைவனைவிட, பின்னால் நின்று ஸ்பெல் போடும் நோஞ்சானை முதலில் கவனிப்பது வழக்கமாக லாபம்.

சேர்த்துவைத்த மந்திரச் சுருள்களையும் விசேஷ அம்புகளையும் செலவழியுங்கள். சுருளை எந்த கிளாஸும் வாசிக்கலாம். "கடைசிச் சண்டைக்கு ஆகும்" என்று மூட்டை கட்டி வைத்தவர்கள் கடைசியில் எழுபது சுருள்களோடு கேமை முடித்திருக்கிறார்கள்.

படி 6: வாயால் ஜெயிப்பது

இங்கேதான் இந்த கேம் தன் சுயரூபத்தைக் காட்டுகிறது. பேசி முடித்தாலும் அனுபவப் புள்ளிகள் உண்டு. ஆகவே வாளை எடுக்காததால் லெவலில் பின்தங்கிவிடுவோம் என்று கவலைப்பட வேண்டாம். பேசப் போகிறவர் கரிஸ்மா உள்ளவராக இருக்கட்டும். எந்த கேரக்டரை நகர்த்துகிறீர்களோ அவர்தான் வாய் திறப்பார் என்பதைப் பலர் தாமதமாகத்தான் கவனிக்கிறார்கள். கிளெரிக்கிடம் கைடன்ஸ் என்ற ஸ்பெல் இருந்தால் பேச்சுப் பகடையிலும் நான்கு பக்கப் பகடை சேரும்.

முதல் அங்கத்தில் எமரால்டு க்ரோவ் என்ற தோப்பில் ட்ரூயிட்களும் (இயற்கை மந்திரவாதிகள்) டீஃப்ளிங் (கொம்புள்ள மனிதர்கள்) அகதிகளும் இருக்கிறார்கள். அவர்களைத் தாக்கத் துடிக்கும் கோப்ளின்களுக்கு மூன்று தலைவர்கள்: பூசாரி கட், டிரோர் ராக்ஸ்லின், மின்தாரா. மூவரும் ஒரு பழைய கோயிலுக்குள் தனித்தனித் திசைகளில் இருக்கிறார்கள். நான்காவது லெவலில் போவது வசதி.

வாசலில் வாளோடு பாய்ந்தால் மொத்த முகாமும் மேலே விழும். அதைச் செய்யாதீர்கள். கதைத் தொடக்கத்தில் உங்கள் தலைக்குள் புகுத்தப்பட்ட புழுவின் சக்தியைக் காட்டியோ, பேசியோ காவலர்களைக் கடந்துவிடலாம். உள்ளே போகும்வரை நீங்கள் அவர்களில் ஒருவர். முற்றத்தில் குடித்துக் கும்மாளம் நடக்கும். அந்தச் சாராயத்தில் விஷம் கலந்துவிட்டால், திரும்பி வரும்போது உங்களை மறிக்க ஆள் குறைவு.

கோயிலுக்குள் கட் என்ற அந்தப் பூசாரியை முதலில் பாருங்கள். உங்களிடம் தனியாகப் பேச வேண்டும் என்று உள்ளறைக்குக் கூப்பிடுவாள். போங்கள். அவள் நீட்டும் பானத்தை மட்டும் குடிக்காதீர்கள். அவளாகவே தன் கூட்டத்தை விட்டு விலகி வந்திருக்கிறாள். அங்கேயே கதை முடியலாம். அடுத்து, பக்கத்துக் கூண்டுகளில் அடைபட்டிருக்கும் கரடியைப் போய்ப் பாருங்கள். அது ஹால்சின் என்ற ட்ரூயிட். விடுவித்தால் உங்களோடு சேர்ந்து சண்டை போடுவார்.

ராக்ஸ்லினின் சபையில் கூட்டம் அதிகம். ஆனால் அந்த மண்டபத்தின் கூரையடியில் மர உத்தரங்கள் போகின்றன. ஏணி பிடித்து ஏறலாம். வில்லாளியும் மந்திரவாதியும் அங்கே. முகாமில் போர் முரசும் உண்டு. சண்டை தொடங்கியதும் எவனாவது அதை நோக்கி ஓடினால், தலைவனை விட்டுவிட்டு முதலில் அவனை வீழ்த்துங்கள். முரசு முழங்கினால் ஊரே கூடும்.

மின்தாரா இருக்கும் பக்கம் பெரும் பள்ளத்தின் மேலே ஒரு பாலம். அவள் அதன்மீது நிற்கும்போது பாலத்தை உடைத்தால் சண்டையே கிடையாது. அவள் அணிந்திருந்த நல்ல பொருட்களும் கிடையாது.

சரி, எதிர்த் திசையிலும் போகலாம். மின்தாராவோடு சேர்ந்து தோப்பைச் சூறையாடலாம். அந்தச் சண்டை சில பேருக்கு எளிதாகவே தோன்றும். விலை பிறகுதான் தெரியும். வில், கார்லாக் என்ற இரு தோழர்களும் உங்களை விட்டுப் போய்விடுவார்கள். ஹால்சினும் இல்லை. தோப்பிலிருந்து உயிரோடு கிளம்பிப் பின்னால் எங்கெங்கோ உங்களுக்கு உதவவேண்டிய டீஃப்ளிங்குகள், கொல்லன் டாமன் உட்பட, இருக்க மாட்டார்கள். குழுவில் கோடரி தூக்கும் ஆள் குறைந்தால் வரப்போகும் சண்டைகள் எல்லாமே கனக்கும். முதல் ஓட்டத்துக்கு இந்தப் பாதையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். காரணம் தர்மம் நியாயம் எல்லாம் இல்லை, கதையில் பாதி காணாமல் போகிறது.

அதே பகுதியில், பாழடைந்த கிராமத்தில் மூன்று ஓகர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஆரம்ப லெவல் குழுவை அவர்கள் சட்னி ஆக்கிவிடுவார்கள். அவர்களில் கிரீடம் வைத்த லம்ப்பிடம் சாமர்த்தியமாகப் பேசினால் கூலிக்கு வர ஒப்புக்கொண்டு ஒரு ஊதுகொம்பைக் கொடுப்பான். தேவைப்பட்ட சண்டையில் ஊதினால் மூவரும் வந்து இறங்குவார்கள். பயந்து ஓடவேண்டிய எதிரியையே படையாக்கிக்கொள்ளலாம்.

இரண்டாம் அங்கத்தில் இந்த வாய்ப்புகள் இன்னும் கூடும். சாராயக்கடை நடத்தும் திசோபால்டோடு உட்கார்ந்து குடித்துக் கதை பேசியே அவனை வெடிக்க வைக்கலாம். சுங்கம் வசூலிக்கும் கெரிங்கோத்தையும், அறுவை சிகிச்சை செய்யும் மாலஸையும் வார்த்தையாலேயே வீழ்த்தலாம். நரகத்து வேட்டைக்காரன் யுர்கிர் இருக்கிறானே, சும்மா மோதினால் இரண்டாம் அங்கத்தின் மோசமான சண்டைகளில் ஒன்று அவனுடையது. அவனைச் சிக்கவைத்திருக்கும் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசிப் பேசி, அவன் கையாலேயே அவன் ஆட்களையும், பிறகு அவனையும் முடிக்க வைக்க முடியும். பகடைக்குப் பெரிய எண் கேட்கும். பேச்சில் தோற்றால் மறுபடி உருட்ட இன்ஸ்பிரேஷன் புள்ளிகள் உதவும். அவற்றை இந்த மாதிரி இடங்களுக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: தூங்குங்கள்

முழு ஓய்வுக்குப் பேலன்ஸ்டில் 40 உணவுப் பொருள் புள்ளிகள் ஆகும். கண்ணில் பட்ட ரொட்டி, மீன், ஆப்பிள் எல்லாவற்றையும் முகாமுக்கு அனுப்பிவிட்டால் பஞ்சமே வராது. அதற்கு நடுவில் இரண்டு குட்டி ஓய்வுகள் இலவசம். வார்லாக்குக்கு ஸ்பெல் ஸ்லாட் அதிலேயே திரும்பிவிடும்.

கஞ்சத்தனமாகத் தூங்காமல் ஓட்டுவதுதான் புதியவர்களுக்குக் கேமைக் கடினமாக்கும் மறைமுகக் காரணம். ஸ்பெல் ஒன்றும் மிச்சமில்லாத கேல், ஒரு குச்சி வைத்திருக்கும் மனிதன்தான். தோழர்களின் கதைக் காட்சிகளில் பலவும் முகாமில் இரவில்தான் வரும். தூங்காதவர்களுக்கு அவையும் போய்விடும். தலைக்குள் புழு இருக்கிறது, அவசரம் அவசரம் என்று எல்லாரும் சொல்வதைக் கேட்டுப் பதற வேண்டாம். நிஜமாகவே நேரம் பார்க்கும் இடங்கள் சிலதான். எரிந்துகொண்டிருக்கும் சத்திரம் ஒன்று வரும். அதைப் பார்த்துவிட்டுப் போய்த் தூங்கினால் உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்ற முடியாது. தீ, விஷப்புகை, "இப்போதே வா" என்று கண்ணெதிரே நடப்பது எதுவானாலும் தூங்குவதற்கு முன் முடித்துவிடுங்கள்.

படி 8: ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்தால்

இந்த வரிசையில் முயன்று பாருங்கள். முதலில், வேறு பக்கம் போய்விட்டு ஒரு லெவல் ஏறித் திரும்புங்கள்; முதல் அங்கத்தின் வரைபடம் பெரியது, யாரும் உங்களைத் துரத்தவில்லை. அடுத்து, எதிரியை எக்ஸாமின் செய்து எந்த அடி வீணாகிறது என்று பாருங்கள். மூன்றாவதாக, சண்டையை வேறு இடத்தில் தொடங்குங்கள்: கதவுக்கு வெளியே, குறுகிய பாதையில், மேட்டில். இடையில் ஓடிப்போய்விடுவதும் தப்பில்லை. ஒருவர் தப்பினாலும் முகாமுக்குப் போய் விதர்ஸிடம் காசு கொடுத்து மற்றவர்களை எழுப்பிக்கொள்ளலாம். இதெல்லாம் ஆகவில்லை என்றால் எக்ஸ்ப்ளோரருக்கு இறக்கி, அந்தச் சண்டையை முடித்துவிட்டு மறுபடி ஏற்றிக்கொள்ளுங்கள்.

இதே கையோடு வேறு கேம்களுக்குப் போகும்போது

இதே வகையில் அடுத்து எதை எடுத்தாலும் மேலே சொன்னதில் பாதி அப்படியே பொருந்தும், பாதி பொருந்தாது. லாரியனின் 2017 கேமான டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2 வில் உயரமும் தரையும் இன்னும் அதிகம் பேசும். ஆனால் எதிரிக்கு உடல் கவசம், மந்திரக் கவசம் என்று இரண்டு பட்டைகள் உண்டு. உரிய பட்டையை உடைக்காமல் அவனைக் கீழே தள்ளவோ உறைய வைக்கவோ முடியாது. குழு முழுவதும் ஒரே வகை அடியில் நின்றால் வேலை சீக்கிரம் முடியும். ஒப்சிடியனின் பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டியில் அனுபவப் புள்ளிகள் பெரும்பாலும் வேலையை முடித்ததற்குத்தான், வெட்டிய தலைகளுக்கு இல்லை. ஆகவே ஒதுங்கிப் போவது அங்கே இன்னும் புத்திசாலித்தனம்.

பாத்ஃபைண்டர்: ராத் ஆஃப் தி ரைட்டியஸ் 2021இல் வந்தது. அதில் டிஃபிகல்ட்டியைத் தனித்தனியாகப் பிரித்து, எதிரியின் பலம், விழும் அடி, செத்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றையும் நீங்களே திருகிக்கொள்ளலாம். "நார்மல்" என்ற பெயரை நம்பி உள்ளே போகாதீர்கள். பால்டர்ஸ் கேட் 3இன் பேலன்ஸ்டைவிட அது நிறைய கேட்கும். ஒரு படி கீழே தொடங்குங்கள்.

பயோவேர் உருவாக்கி 1998இல் வெளிவந்த முதல் பால்டர்ஸ் கேட் வேறு ரகம். சண்டை நிற்காமல் ஓடும், நீங்கள்தான் ஸ்பேஸ் பாரைத் தட்டி நிறுத்த வேண்டும். ஊருக்குப் புதிதாக, ஒன்றாவது லெவலில், ஃப்ரெண்ட்லி ஆர்ம் இன் என்ற சத்திரத்தின் படியேறும்போது டார்னெஷ் என்ற மந்திரவாதி உங்களுக்காகக் காத்திருப்பான். ஒரு ஸ்பெல்லில் குழு மொத்தமும் பயந்து சிதறும். படியேறும் முன் சேவ் செய்துவிட்டு, அவன் வாய் திறந்ததும் எல்லாரும் சேர்ந்து அவன்மேல் அம்பெய்யுங்கள். அடி பட்டால் அவன் ஸ்பெல் பாதியில் நின்றுவிடும்.